கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவு

ஸ்க்ராண்டன்,
மே 9

பிரியமுள்ள அக்கா அட்ராக்டாவுக்கு,

தம்பி ஃபெர்கஸ் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் ஆண்டவர் அருளால் சுகம்.

நம் பங்குக் கோயிலின் நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்குக் கொள்ளுத்தாத்தா பார்த்தலோமியோவின் கல்யாணப் பதிவைக் கேட்டாயே, "ஒரு மணி நேர வேலைடா" என்றாயே, மூன்று நாள் ஆயிற்று அக்கா! மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் திருமதி டூடெக் என்ற போலந்துக்கார அம்மாள் என் பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார். சாண்ட்விச்சையும் வாங்கிக்கொண்டார், அதற்குப் பதிலாக எதுவும் கொடுக்கவில்லை. நம் கோயில் பதிவேட்டில் அவருடைய ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானமும் வரிசையாக இருக்கிறது, பெற்றோரின் கல்யாணத்தை மட்டும் காணோம். "நாமெல்லாம் ஒழுங்கான குடும்பம்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அம்மாவை நினைத்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி நோரீனோ, "செத்து நூறு வருஷம் ஆனவங்களுக்கு இப்ப நீங்க கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?" என்கிறாள்.

மூன்றாம் நாள் டூடெக் அம்மாளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"சார், மூத்த பிள்ளை பிறக்கறதுக்கு முந்தின குளிர்காலத்துல உங்க கோயிலுக்குக் கூரையே போடல. ஜெர்மன்காரங்க கோயில் பதிவேட்டுப் பெட்டியப் பாருங்க."

"அங்கயா? எங்க ஐரிஷ் ஆளுங்க அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாங்கம்மா!"

"உள்ள அடுப்பு எரிஞ்சா எல்லாரும் படுப்பாங்க சார்."

இருந்தது அக்கா! பார்த்தலோமியோ வார்ட், வினிஃப்ரெட் டர்க்கன், 1872 பிப்ரவரி 6. மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் நவம்பர் 17. நான் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். அந்த அம்மாள் மேஜைமேலேயே எண்ணினார். "ஒம்பது மாசம் பதினோரு நாள். நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று சாண்ட்விச்சைத் திருப்பிக் கொடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றேன்.

நகல் இத்துடன் வருகிறது. "பங்கின் முதல் ஐரிஷ் கத்தோலிக்கத் தம்பதி" என்று பெரிய எழுத்தில் போடு. தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும். இன்றாவது நான் நன்றாகத் தூங்குவேன்.

அன்புத் தம்பி,
ஃபெர்கஸ் வார்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் டூடெக் அம்மாள் போன் செய்தார். ஓரத்தில் லத்தீனில் இருந்த குறிப்பை இப்போதுதான் படித்தாராம். மாப்பிள்ளை லிவர்பூலில் பிறந்த அசல் இங்கிலீஷ்காரர். அவர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றதே கல்யாணத்துக்கு முந்தின நாள்தான். ஆகவே "ஐரிஷ்", "கத்தோலிக்க" இரண்டையும் அடித்துவிடு. தம்பதி என்பது மட்டும் உறுதி.