எட்மண்டின் தலைமுடிச் சுரங்கம்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெரு புதிதாக உருவான காலம். பெங்களூர் ராணுவத் தண்டில் சிப்பாய்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த எட்மண்ட், அந்த வேலையை விட்டுவிட்டு மனைவி பாக்கியவதியோடு இங்கே வந்து, சொந்தமாக ஒரு கிராப்புக் கடை திறந்தான். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நிறைய நம்பிக்கை.

கடை நன்றாகவே ஓடியது. நாகரிகம் மட்டும் காரணமல்ல. ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களை வாசலில் சோதனை போடுவார்கள். குடுமிக்காரர்கள் குடுமியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். அதில் தங்கப்பொடி இல்லை என்று காவலருக்குத் திருப்தி வருவதற்குள் வீட்டில் சோறு ஆறிவிடும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளி தங்கவேலுதான் முதலில் கிராப்பு வைத்துக்கொண்டான். வாசலில் அவன் தலையை ஒரு தடவு தடவிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே அவன் கூட்டாளிகள் எல்லாரும் எட்மண்ட் கடையில் வந்து நின்றார்கள்.

விஷயம் சுரங்க ஆபீஸின் மேலான கவனத்துக்கு வந்தது. குடுமி இருந்தவரை அதில் தங்கம் கிடைத்ததே இல்லை. இப்போது குடுமியே போய்விட்டது என்றால், அந்தக் கிடைக்காத தங்கம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியோடு ஆபீஸ் மேலாளர் சம்பங்கி நாயுடு கடைக்கு எழுந்தருளினார்.

"கீழ கெடக்குதே, இன்னா இது?"

"முடிங்க."

"உனக்குத்தான் முடி. தங்கம் கலந்திருக்கலாம்னு ஆபீஸ் சந்தேகப்பட்டா அது கனிமம். கனிமம் கெடைக்கிற எடத்துக்கு இன்னா பேரு?"

எட்மண்ட் யோசித்தான். "சுரங்கமுங்களா?"

"நீயே ஒத்துக்கினே" என்றார் நாயுடு கனிவாக.

அன்றைக்கே கடை சுரங்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. விதிகள் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. சுற்றிலும் முள்வேலி. உள்ளே வருகிறவர் பட்டப்பகலிலும் மெழுகுவர்த்தி ஏந்தி வர வேண்டும். வெளியே போகிறவரைச் சோதிக்க ஒரு காவலர். வெட்டிய முடி மூட்டை கட்டி முத்திரை வைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் எட்மண்ட் பொறுத்துக்கொண்டான். பிறகு, எந்தச் சுரங்கத்துக்கும் மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார கேப்டன் இருந்தாக வேண்டும் என்ற விதி நாயுடுவின் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் வந்து சேர்ந்தார். துரையை நிற்க வைக்கலாமா? கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

"நான் எப்பப்பா உக்கார்றது?" என்று கேட்டான் தங்கவேலு, கையில் மெழுகுவர்த்தியோடு.

"துரை எழுந்ததும்."

"அதுக்குள்ள குடுமியே வளந்துடும்" என்று அவன் போய்விட்டான். மற்றவர்களும் வரவில்லை.

எட்மண்ட் ஆபீஸுக்குப் போய் நின்றான். "வெட்டறதுக்குத் தலை இல்லைங்க. வீட்டுல இன்னா பதில் சொல்றதுன்னே தெரியலீங்க."

நாயுடு இரக்கப்பட்டார். முடி மூட்டைகளை ஆலைக்கு அனுப்பி அரைக்க உத்தரவிட்டார். பாறையை மாவாக்கும் ஆலை முடியிடம் தோற்றது. இரும்பு உலக்கைகளில் எல்லாம் முடி சுற்றிக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க வேலை நின்றது. தங்கம் மட்டும் வரவில்லை. "தங்கம் இல்லாத காரணத்தால் இச்சுரங்கம் மூடப்படுகிறது" என்று கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மறுநாள் காலையில் எட்மண்ட் சாமான்களை எடுக்கப் போனபோது ஊரே கடைக்குள் இருந்தது. தங்கம் இல்லை என்று ஆபீஸே வாய் திறந்து சொல்கிறதென்றால், எவ்வளவு இருக்க வேண்டும்? தங்கவேலு தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கேப்டன் நாற்காலியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கலைக்க வந்த நாயுடு, யாரும் தொடாத ஒரு மூலையைப் பார்த்து மெல்லக் குந்தினார்.

சீப்பு, கத்தரிக்கோல்களைப் பொறுக்கிக்கொண்டு எட்மண்ட் வீடு திரும்பினான். "கடை போனாலும் புத்தி வந்துடுச்சு. நாளைக்கே தண்டுக்குப் பூடலாம். இந்த ஊர்ல எல்லாருக்கும் பைத்தியம்" என்றான்.

பாக்கியவதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவன் சீப்புகளை ஒரு தாம்பாளத்தில் கழுவி, அந்தத் தண்ணீரை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி அடியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆலையில அரைச்சே பாத்துட்டாங்களே. தங்கம் இல்லைன்னு ஆபீஸ்ல எழுதியே ஒட்டிட்டாங்களே?"

"அதான் சந்தேகமா கீது" என்றான் எட்மண்ட்.