லிஃப்ட் கூரையில் கேட்ட சேதி

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அதன் கூரைமேல் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்து பிரேக்கை நோண்டிக்கொண்டிருந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் பயம் தெரியாமலிருக்கக் கதையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காப்பர் டி ரொம்ப வருஷம் உள்ளேயே இருந்தா கர்ப்பப்பையில கேன்சர் வருமாமே?"

ஸ்பானர் நின்றது. சின்னவள் பிறந்ததும், அடுத்த பிள்ளை வேண்டாமென்று அவர் மனைவி போட்டுக்கொண்டது. எட்டு வருஷமாகிறது.

"யாருங்க சொன்னாங்க?" என்று குனிந்து கேட்டார்.

கூரை பேசியதும் உள்ளே இரண்டு பேரும் வீறிட்டார்கள். அதற்குமேல் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

கீழே இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, என்கூட வேலை பாக்கறவன் சம்சாரத்துக்கு…"

"டேய், நீ தனியாத்தானே மேல தொங்குவே? உன்கூட யாருடா வேலை பாக்கறான்? உன் பொண்டாட்டிக்கு என்ன?"

சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். அக்கா சத்தியம் பண்ணினாள்.

அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது மாமியார் கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, என் பொண்ணு வயித்துக்குள்ள எட்டு வருஷமா கம்பியா? உங்களுக்கே நல்லாருக்கா?"

"மெதுவா, அத்தை. அவளுக்கு இன்னும் தெரியாது."

"எது தெரியாது?" என்றபடி, ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு மனைவி உள்ளே வந்தாள். அழும் அம்மாவைப் பார்த்தாள். முழிக்கும் புருஷனைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டாள். "என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"ஐயோ, எனக்கில்ல. உனக்குத்தான்!"

சமாளித்துவிட்ட நிம்மதியில் சொன்னார். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "இப்ப லிஃப்ட் கயிறு இருக்குல்ல? அறுந்தப்புறமா மாத்துவோம்? தேய்ஞ்சிருக்கான்னு பாத்து முன்னாடியே மாத்திருவோம். அது மாதிரி…"

"நான் என்ன லிஃப்ட்டா? ஒரு தலைவலிகூட இல்லாம நல்லாத்தானே இருக்கேன்!"

"கயிறும் அப்படித்தான் இருக்கும்."

"வாயை மூடுங்க மாப்பிள்ளை!" என்று மாமியார் அதட்டினாள். "எனக்கு இத்தனை வயசாச்சு, ஒரு நோய்நொடி உண்டா? எல்லாம் உடம்பை உடம்பா வெச்சிருந்ததாலதான். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அந்த அக்கறை எங்க இருக்கு? நாளைக்கே போய் அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டு வருவோம்."

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மூவரும் டாக்டரம்மா முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். மனைவியைப் பரிசோதித்துவிட்டு வந்து டாக்டரம்மா கையைத் துடைத்தார்.

"நல்லா இருக்காங்க. காப்பர் டியும் அது இருக்க வேண்டிய இடத்துல சமத்தா இருக்கு. எதுக்கு எடுக்கணும்?"

"கேன்சர், டாக்டர்…" மெக்கானிக்கின் குரல் உடைந்தது. "இவ இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே ஓடாது."

மனைவி முதல்முறையாக அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

"தலைகீழா கேட்டுட்டு வந்திருக்கீங்க. காப்பர் டி போட்டவங்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் கம்மியாத்தான் வருதுன்னு நிறைய ஆய்வுல பாத்திருக்காங்க. வரவே வராதுன்னு நான் சொல்லலை. வழக்கமில்லாம ரத்தம் பட்டா உடனே வந்து காட்டணும்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. "அப்ப இன்னொண்ணு சேத்துப் போட்டுறலாமா, டாக்டர்?"

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

"ஒண்ணு போதும். ஆனா அதுக்கும் ஆயுசு உண்டு. இவங்களுது பத்து வருஷம். தேதி முடிஞ்சா வந்து எடுத்துரணும், போட்டதையே மறந்துரக் கூடாது."

"பாத்தியா? கயிறு மாதிரியேதான்!" என்று மெக்கானிக் மனைவியிடம் வெற்றியோடு திரும்பினார்.

மாமியாரின் மூக்குச் சிந்தல் சட்டென்று நின்றது. நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் டாக்டரம்மா, இவ பொறந்த கையோட எனக்கும் ஒண்ணு போட்டு விட்டாங்களே… அதை எப்ப எடுக்கணும்?"