முதலில் பாகற்காய்

சனிக்கிழமை சாயங்காலம் டீ டம்ளரைக் கீழே வைத்த கையோடு முத்திருளன் முடிவை அறிவித்தார். இனிமேல் இந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்தான் சமையல். ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் ஆக்கி, டப்பா டப்பாவாக அடைத்து, ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவது. மற்ற நாளெல்லாம் எடு, சூடு பண்ணு, சாப்பிடு.

அவர் சொன்னால் சொன்னதுதான். அதாவது, கப்பலூர் கம்பெனியில். அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் மேனேஜரே அவர் மேஜைக்கு வந்து பல்லைக் காட்ட வேண்டும். செல்லூரில், சொந்த வீட்டில், அவர் பேச்சு அடுப்படி வரைக்கும்கூடப் போகாது. ஒரு ஃபிரிட்ஜையாவது ஆண்டு பார்த்துவிட வேண்டும் என்று மனுசனுக்கு ரொம்ப நாள் ஆசை, பாவம்.

மனைவி முத்துமீனா சண்டைக்கு வருவாள் என்று நினைத்து நாலு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவளோ, "நல்ல யோசனைங்க" என்றாள். அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜைக் காலி செய்து, காய்ந்த எலுமிச்சையையும் முந்தின வாரத்து மல்லிகைப் பூவையும் வெளியே போட்டு, தட்டுகளைத் துடைத்து நிமிர்ந்தார்.

"இதுல ஒரே ஒரு ரூல்தான் மீனா. முதல்ல உள்ள போனதுதான் முதல்ல வெளிய வரணும். அது தீராம அடுத்ததைத் தொடவே கூடாது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். எங்க ஸ்டோர்ல இப்படித்தான்."

"யாருக்காகவும் மாத்தக் கூடாதா?"

"முதலாளியே வந்தாலும் மாத்தக் கூடாது."

முத்துமீனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். முதலில் பாகற்காய்ப் பொரியல். ஒரு கூடை பாகற்காய்.

"எதுக்குத்தா இம்புட்டு?"

"ஒரு வாரத்துக்குன்னா சும்மாவா?"

பாகற்காயே முக்கால்வாசி ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததாகத்தான் மட்டன் சுக்கா இறங்கியது. மிளகும் சின்ன வெங்காயமும் சுருண்டு, எண்ணெய் பிரிந்து, தெருவையே கூப்பிடுகிற வாசனை. முத்திருளனுக்குச் சுக்கா என்றால் உயிர். மத்தியானம் கறிக்குழம்போடு நிறுத்திக்கொண்டு, சுக்காவை எவர்சில்வர் தூக்கில் அடைத்து, வாரத்தின் நடுவில் தோசைக்கு ஆகும் என்று அவரே தன் கையால் ஃபிரிட்ஜின் கடைக்கோடியில் வைத்தார்.

திங்கள்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பாகற்காய். செவ்வாய்க்கிழமையும் பாகற்காய். கம்பெனியில் கூடச் சாப்பிடும் வீரணன் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, சுகரா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்திருளன் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றார். உள்ளே பாகற்காய் டப்பாக்களுக்குப் பின்னால் தூக்கு மினுங்கியது. தொண்டையைச் செருமினார்.

"மீனா, தோசைக்கு அந்தச் சுக்காவைச் சூடு பண்றியா?"

"பாகற்காய் இன்னும் தீரலையேங்க."

"அது கிடக்கட்டும்."

"எப்படிக் கிடக்கும்? முதல்ல போனது முதல்ல வரணும்ல."

"ஒரு நாளைக்கு முன்னப் பின்ன இருந்தா என்ன இப்ப?"

"ஒண்ணும் இல்ல. இந்த ரூலு நம்ம வீட்டுக்குச் சரிப்படலைன்னு வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே சூடு பண்ணித் தாரேன்."

சொல்லியிருப்பார். வாய் பாதி திறந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் செல்லக்கிளி, பேச்சைக் காதில் வாங்கியபடியே, உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"தம்பி ஒண்ணு சொன்னா சொன்னதுதான் மீனா. எங்க வீட்லயும் ஒருத்தரு இருக்காரே, நேத்துச் சொன்னது இன்னைக்கு ஞாபகம் இருக்காது."

முத்திருளனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "ரூலு ரூலுதான்க்கா" என்று ஃபிரிட்ஜை மூடினார். தோசைக்கும் பாகற்காய்.

அப்புறம் அவருக்கு ஒரே வழிதான். பாகற்காயைத் தின்றே தீர்ப்பது. இட்லிக்குப் பாகற்காய், சோற்றுக்குப் பாகற்காய், வீரணனுக்கும் ஒரு கை பாகற்காய். அவன் அதோடு வேறு மேஜைக்குப் போய்விட்டான். காலையும் மாலையும் ஃபிரிட்ஜைத் திறந்து தூக்கை ஒரு பார்வை பார்ப்பார். ரூல்படி தொட மாட்டார். என்ன இருந்தாலும் நேர்மையான மனுசன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பாகற்காயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தண்ணீர் குடித்தார். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோசத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"மீனா, தோசையை ஊத்து. சுக்காவை நானே எடுத்துட்டு வாரேன்."

"இருங்க, ஒரு சந்தேகம். உங்க ஸ்டோர்ல ஒரு சரக்கு ரொம்ப நாளாக் கிடக்குது. அதுக்கு வரிசை வரதுக்குள்ள வீணாப் போயிரும்போல இருக்கு. என்ன செய்வீக?"

கம்பெனி விஷயத்தில் மனைவி சந்தேகம் கேட்பது இதுதான் முதல் தடவை. முத்திருளன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அதெல்லாம் வச்சுக்கிட்டே இருக்க மாட்டோம்த்தா. வீணாப் போறதுக்கு முன்னாடியே கழிச்சிரணும்."

"அதுக்கு யாரைக் கேக்கணும்?"

"யாரைக் கேக்கணும்? கேட்டுக்கிட்டு நின்னா சரக்கு போயிரும். யாரு கண்ணுல முதல்ல படுதோ, அவங்கதான் பொறுப்பா நின்னு கழிக்கணும்."

"ரூல்படி அதுதான் சரியா?"

"நூத்துக்கு நூறு சரி."

பெருமையோடு எழுந்து போய்த் தூக்கை எடுத்தார். கனமே இல்லை. திறந்தார். உள்ளே விம் சோப்பு வாசனை.

முத்துமீனா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள்.

"கறி அதுக்கு மேல தாங்காதுன்னு புதன்கிழமை மத்தியானமே நானும் செல்லக்கிளி அக்காவும் உட்கார்ந்து கழிச்சிட்டோம்ங்க. நல்லா இருந்துச்சு."