மிதித்தால் வரும் ஜப்பான் மொழி

சைக்கிள் மிதிக்காமல் எனக்கு ஜப்பான் மொழி வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாவது. வாடிக்கை வீடு ஒன்றில் யூகோ அம்மா இருந்தார். நம்ம ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்த ஜப்பான்காரர். அவர் மொழியில் பேச இங்கே ஆள் இல்லை. பார்க்கவே என்னவோ போல் இருந்தது. “எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா” என்றேன்.

“ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். அவசரம் வேணாம்” என்றார்.

அதைச் சொல்லிக்கொண்டே மிதிப்பேன். மறுநாள் பழையதெல்லாம் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லி, கடைசியில் புதியது. நின்றால் மறந்துவிடும். மிதித்தால் வரும். அதுவும் முதலிலிருந்துதான் வரும். (நடுவில் ஏற வழியில்லை.)

ஒரு காலை ஜங்ஷன் கேன்டீனுக்குப் பால் கொண்டுபோனேன். கேன்டீன் ஏழுமலை ஓடிவந்தான்.

“டேய், ஜல்தி வாடா! ஜப்பான்காரர் ஒருத்தர் டீ குடிக்க எறங்கனாரு. அதுக்குள்ள மெட்ராஸ் வண்டி அவரு சம்சாரத்த ஏத்திக்கினு பூட்சி. பதறிக்கினு திருச்சி வண்டில ஏறி நிக்கறாரு!”

அந்தம்மாவைத் திண்டிவனத்தில் இறக்கிவைக்க ஸ்டேஷன் மாஸ்டர் போன் போட்டுவிட்டார். அதை இவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. எல்லோரும் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அவர் வாசல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எதிரில் போய் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. விசில் ஊதினார்கள்.

“இன்னாடா முழிக்கிற? ஊரெல்லாம் பேசிக்கினு போவியே!”

“மிதிச்சாதான் வரும்ப்பா.”

“பேஜாருடா உன்னோட! அப்ப மிதி!”

பால் கேனோடு என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரெயில் நகர்ந்தது. பக்கத்திலேயே மிதித்தேன். காலை வணக்கம் என்றேன். அவர் திகைத்தார். இன்று வெயில் என்றேன். இது பால் என்றேன். தண்ணீர் கலக்கவில்லை என்றேன். உட்காருங்க என்றேன்; பாவம், உட்கார்ந்தார். எழுந்திருங்க என்றேன், எழுந்தார். பிளாட்பாரம் முடியப் போகிறது. கடைசியில் வந்தது:

“ஒரிதே குதசாய்!” இறங்குங்க. “ஒக்குசான் திண்டிவனம்!” உங்க மனைவி திண்டிவனத்தில்.

குதித்தார், என் மேலேயே. பால் முழுக்க ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டையில். எனக்கு ஒரு பல் போயிற்று.

அடுத்த வண்டியில் அவரைத் திண்டிவனம் கூட்டிப்போனேன். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெயிலில் பெடல் இல்லை. அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவரைப் பார்த்ததும் பையாலேயே இரண்டு போட்டுவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார்.

யூகோ அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் போனது பெரிதாகத் தெரியவில்லை. இன்றும் அவரை நினைத்தால் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சுற்றி வளைத்துச் சொன்னால், என் பெண் விடமாட்டாள்.

“பாலெல்லாம் தாண்டி விஷயத்துக்கு வாப்பா. வண்டி கெளம்பிடுச்சி.”