ஒரிஜினல் பாயைச் சந்தேகப்பட்ட லாரி

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரிஜினல் பாயைப் போல ஒரு யோக்கியர் கிடைக்க மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான் ஒரு கம்ப்யூட்டர் கேம், "நீ திருடனா, நீ திருடனா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இரும்புலியூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழே அவருடைய டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்குப் பின்னால் அவர் வீடு, மாடியில் நான். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு; கரண்ட் பில்லைத் தவிர வேறு யாரும் அதை உபயோகிப்பதில்லை. டூப்ளிகேட் சாமான் எதுவும் அந்தக் கடைப் படியேறாது. என் ஸ்கூட்டருக்கு ஒரு பல்பு வாங்கப் போனாலும், ஒரிஜினல் என்பதற்கு அத்தாட்சியாக டப்பாவில் ஒட்டியிருக்கும் மினுமினு ஸ்டிக்கரை வெயிலில் சாய்த்துக் காட்டுவார்.

"நிறம் மாறுது பாருங்க டீச்சர்."

"ம்."

"ம் இல்ல. மாறுதுன்னு வாயால சொல்லுங்க."

சொன்னால்தான் பல்பு.

கோவளத்தில் மீன் வாங்கும்போது எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பாய் கண்ணிலிருந்து வால் வரை டார்ச் அடித்துப் பார்ப்பார். "யோவ் பாய், மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்துகிறியா?" என்று ஒரு மீன்காரம்மா கத்தியே விட்டாள். அவளுக்குத் தெரியாது, மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் டிகிரி சர்டிபிகேட்டையே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஆசாமி இவர். நல்லவேளை, மாப்பிள்ளை தேறிவிட்டார்.

மகள் புகுந்த வீடு போனதும் பாய்க்கு லாரிப் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டர் லாரிதான். பனிமலை தாண்டி, அந்தப் பக்கத்துத் துறைமுகத்துக்கு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் லாரியின் பாகங்கள் தேயும். மலிவான சாமானும் மாட்டலாம், ஒரிஜினலும் மாட்டலாம். மலிவைப் போட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி பள்ளத்தில் போய்விடும். இதைக் கேள்விப்பட்ட பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"டீச்சர், இதைச் செஞ்சவன் மானஸ்தன்! டூப்ளிகேட் போட்டா சாவுடான்றான்!"

மறுநாளே போய் முழு விலை கொடுத்துப் பெட்டியோடு வாங்கிவந்து, கடை அலமாரியில் கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே அதற்கு ஓர் இடமும் ஒதுக்கிவிட்டார்.

பக்கத்துக் கடை ஸ்டீபன் செல்போன் ரிப்பேர்காரன். இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா பாய், துட்டு குட்த்தா வாங்குன? என்கிட்ட கிராக் பண்ணது கீது. நெட்டு வாணாம், ஒரு மண்ணும் வாணாம்."

"திருட்டு வண்டியில நான் ஏற மாட்டேன்டா ஸ்டீபா."

ஏறிய வண்டி அவரைப் படுத்திய பாடு இருக்கிறதே! நீ காசு கொடுத்தவன்தானா என்று அந்த கேம் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியை விசாரித்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஏரியாவில் நாலு தூறல் விழுந்தால் நெட் படுத்துவிடும். உடனே கேமும் படுத்துவிடும். பாதி மலை ஏறிய பாய் மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறுவார். கம்ப்யூட்டருக்குள் ஒரு பழுதான போர்டை மாற்றினார். இது வேறு கம்ப்யூட்டர், நீ வேறு ஆள் என்று கதவைச் சாத்திவிட்டது. கம்பெனிக்கு எழுதினால், பெட்டியும் வாங்கியவர் முகமும் தெளிவாகத் தெரிகிற போட்டோ அனுப்பச் சொன்னார்கள். செல்போனில் எடுத்ததை, தெளிவில்லை என்று திருப்பினார்கள். பாய் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூடியோவுக்கே போய்விட்டார். மடியில் கேம் பெட்டி, பக்கத்தில் மனைவி ஃபாத்திமா அக்கா, பின்னால் பனிமலைத் திரை. "எங்க கல்யாண போட்டோல கூட இந்த மனுஷன் இவ்வளவு சிரிக்கல டீச்சர்" என்றார் அக்கா. அதைப் பார்த்தபின்தான் கம்பெனி கதவைத் திறந்தது; அந்தப் படம் இன்றும் ஹாலில் தொங்குகிறது.

ஓ.டி.பி. வரத் தாமதமானாலே போனைச் சுவரில் எறியத் தோன்றும் ஜென்மம் நான். "என்ன பாய் இது அநியாயம்? காசும் குடுத்துட்டு, கெஞ்சிக்கிட்டும் நிக்கணுமா?" என்று கத்தினேன்.

"செக் பண்றான். பண்ணட்டுமே டீச்சர். நான் பண்ணலையா?" என்றார். அந்தப் பொறுமையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

அப்போதுதான் இடி விழுந்தது. கம்பெனி அந்த கேமையே இழுத்து மூடப் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியோடு சரி. அதன்பின் காசு கொடுத்து வாங்கிய யாருக்கும் அது திறக்காது. பாய்க்கு மிச்சமிருந்தது கடைசி மலை. அதற்குப் பின்னாலிருக்கும் துறைமுகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு லாரியில் ஏறி உட்கார்ந்தார். அதே நேரம் பார்த்து, தெருமுனையில் கால்வாய் தோண்டிய பொக்லைன் கேபிளை அறுத்துத் தொலைத்தது. நெட் போச்சு!

ஸ்டீபன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். அதில் டேட்டா தீர்ந்ததும் என் போன். அது சூடாகி அணைந்ததும் ஃபாத்திமா அக்கா போன். அப்புறம் டீக்கடைக்காரர் போன். ஜன்னல் விளிம்பில் போன்களை வரிசையாக வைத்துக்கொண்டு தெருவே மூச்சைப் பிடித்து நின்றது. லாரி உச்சிக்கு ஏறி, இறக்கத்தில் திரும்பியது. கீழே தூரத்தில் துறைமுக விளக்குகள்! "யா அல்லாஹ்" என்றார் பாய். ஸ்டீபன் விசிலடித்தான்.

திரை கறுத்தது. 'உங்கள் கணக்கைப் பலர் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்கிறோம். உரிமையாளர் நீங்கள்தான் என்று நிரூபிக்கவும்.'

ஆளுக்கொரு போனாக நாங்கள் நீட்டியதுதான் வினையாகிவிட்டது. இனி கம்பெனிக்கு எழுதிப் பதில் வருவதற்குள் கேமையே மூடிவிடுவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாய், என் லேப்டாப்ப எடுத்தாரேன்" என்றான் ஸ்டீபன். "கிராக் காப்பி எப்பவும் ஓடும் பாய். இன்னிக்கி ஒரு நாளு ஓட்டிக்கோயேன்."

பாய் தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு அந்தத் திரையைப் பார்த்துப் பேசினார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"நானும்தான்யா செக் பண்றேன். ஆனா சாமானைத்தான் சந்தேகப்படுவேன். காசு குடுத்தவரை என்னிக்காவது சந்தேகப்பட்டிருக்கேனா?"

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை வேண்டுமென்றே பல்பு வாங்கப் போனேன். டப்பாவை எடுத்து நீட்டினார். ஸ்டிக்கரைக் காட்டவில்லை, வாயால சொல்லுங்க என்று கேட்கவும் இல்லை. இந்த மனிதர் இப்படியே ஆகிவிட்டால் எங்கள் தெரு என்னத்துக்கு ஆகும்?

கண்ணெல்லாம் சிவந்து ஸ்டீபன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாய், ராவெல்லாம் முழிச்சு என் கிராக் காப்பில ஓட்டி தொறைமுகம் போய்ட்டேன். கப்பலு ஊதுது பாய். டாக்டரம்மா ஓடியாந்து பொட்டிய வாங்கிக்குது."

பாய் நிமிரவில்லை. கணக்கு நோட்டைப் புரட்டியபடியே, "பிரேக் பிடிச்சுதா?" என்றார்.

"புட்ச்சுது."

"என்ன பிரேக் ஷூ போட்டே?"

"ஒரிஜினல் பாய். எப்பவும் கேமுல துட்ட தில்லுமுல்லு பண்ணி ஏத்திக்குவேன். இந்த வாட்டி பண்ணல. மொதல்லேர்ந்து லோடு அடிச்சு, சம்பாரிச்சு, ஒரிஜினல் வாங்கிப் போட்டுத்தான் வண்டிய எறக்குனேன். உன் மேல ஆணை."

பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையிலிருந்த டப்பாவைத் திரும்ப வாங்கி, வாசல் வெயிலில் சாய்த்தார்.

"நிறம் மாறுது பாருங்க டீச்சர்."

"மாறுது பாய்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.