எண்ணெய் காய்ந்த பிறகு விட்ட மீன்

எங்கள் கட்டடத்து லிஃப்டில் பொரித்த மீன் வாசனை வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், பெருங்காயமும் காப்பித்தூளும் சுவரிலேயே ஊறிப்போன கட்டடம் எங்களுடையது. வாடகைக்கு வந்த யாரோ ஒரு பையன் வரவழைத்த டப்பா மேலே போயிருக்கும். டப்பா போன பிறகும் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் சிவந்த அந்த வாசனை மட்டும் இறங்காமல் லிஃப்டிலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்றாம் மாடி மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்புவார். நான் தலைகுனிவேன். இந்தக் கட்டடத்தில் மீன் சம்பந்தமாக முன்குற்றம் உள்ள ஒரே ஆள் நான்தானே.

இத்தனைக்கும் நான் இன்றுவரை மீன் தின்றதில்லை. ஒரே ஒரு மீனைத் தொட்டிருக்கிறேன், அதுவும் ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்கு. அந்தப் பெருமூச்சில் என் பெண்ணின் கல்யாணத்தையே ஏரியில் கரைக்கப் பார்த்தேன்.

நான் கவிதை எழுதுகிறவள். வரி மடக்காத, மூச்சு முட்ட ஓடுகிற உரைநடைக் கவிதை. இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. வந்தவை எல்லாம் எங்கள் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன (கட்டிலின் ஒரு கால் குட்டை, இலக்கியம் அதற்காவது உதவியது). ஐம்பதைத் தொட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிருதங்கம் கற்றேன்; கீழ் வீட்டார் கெஞ்சினார்கள். மண்பானை வனைந்தேன், அது சாம்பல் தட்டாயிற்று. அப்போதுதான் ஒரு நாள் அந்த வீடியோவைப் பார்த்தேன்.

பனி மூடிய ஏதோ ஒரு நாட்டு ஆறு. இடுப்பளவு நீரில் ஒருவர். அவர் கையிலிருந்த மெல்லிய கோலின் நுனியில் மஞ்சள் நூல் ஒன்று காற்றில் எழுதுகிறது, அழிக்கிறது, மறுபடி எழுதுகிறது. கடைசியில் ஒரு மீன். அதை இரு கைகளாலும் ஏந்தி ஒரு கணம் பார்த்து, நீரிலேயே விட்டுவிடுகிறார். ஃப்ளை ஃபிஷிங் என்றார்கள். பிடிப்பதும் விடுவதும்தான் முழு வேலை. பாவமும் இல்லை, பாத்திரமும் தேய்க்க வேண்டாம். பாலக்காட்டு வழி வந்த சைவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இதைவிடத் தோதான ஹிம்சை கிடைக்குமா?

இதில் புழு கிடையாது. கொக்கியில் இறகும் முடியும் சுற்றி, பூச்சி போல ஒரு பொய் செய்ய வேண்டும். பொய் செய்வதில் எனக்கு அனுபவம் உண்டு, இரண்டு தொகுப்புகள் அளவுக்கு. பூஜை அலமாரி முருகனிடமிருந்து மயிலிறகை எடுத்துக்கொண்டேன். முடிக்கு, என் கணவர் ரமணியின் ஷேவிங் பிரஷ். ஒரு கம்பெனியில் ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பேச்சிலும் அதே சிக்கனம்.

"முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டார்," என்றார் மொட்டைப் பிரஷ்ஷைப் பார்த்தபடி. "எனக்குத்தான் முகம் எரியறது."

கோல் ஒன்று வாங்கி மொட்டைமாடியில் வீசிப் பழகினேன். முதல் நாளே மூன்றாம் மாடி மாமாவின் எட்டு முழ வேட்டி கொடியிலிருந்து கிளம்பி, கம்பீரமாகத் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மாமரத்தில் போய் அமர்ந்தது. மீனை விடும் வித்தையையும் பழகினேன். பக்கெட் நிறையத் தண்ணீர். அதில் ஒரு குளியல் சோப்பு. கையை நனை, உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் வழவழப்பு போய்விடும். மென்மையாக ஏந்து, முகத்தை நீரோட்டத்தின் பக்கம் திருப்பு, விடு. (சோப்புக்கு முகம் எது என்று ரமணி கேட்டார். கலை தெரியாதவர்.)

மும்பையின் குளிர்காலம் என்பது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அந்தக் கடும் பனிக்காலம் முழுவதும், சனிக்கிழமை தோறும் முதல் ஸ்லோ ரயிலில் ஊருக்கு வெளியே அம்பர்நாத் போனேன், தலையில் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், கையில் கோலும் நூல் உருளையும் அடைத்த ஏழடிப் பையோடு. லேடீஸ் பெட்டியில் அதைத் தம்பூரா என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆற்றில் வீசினேன், அணைக்கட்டு ஏரியில் வீசினேன். ஆறு எனக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தது. ஏரி ஒற்றைச் செருப்பைக் கொடுத்தது. பிறகொரு நாள் குங்குமம் அப்பிய தேங்காய், யாருடைய வேண்டுதலோ. மார்கழி போய், தை போய், ஏரிக்கரைப் பலாச மரங்கள் செந்தழலாய்ப் பூத்தபோதும் மீன் என்னை வந்து சந்திக்கவில்லை.

இதற்கிடையில் என் பெண் நித்யா முதல் வீச்சிலேயே ஒருவனைக் கண்டடைந்திருந்தாள். செல்வம். அவள் ஆபீஸிலேயே வேலை. வீடு தாராவி. அப்பா சுடலைமுத்து தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், அம்மா இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மீன் இல்லாத ஞாயிறு அவர்களுக்கு ஞாயிறே இல்லை.

எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நாங்கள் பரந்த மனம் படைத்தவர்கள் (அதைப் பரீட்சை பண்ண யாரும் வராதவரை எல்லோரும் அப்படித்தான்). தயங்கியது இசக்கியம்மாள். மகனிடம் அவர் சொன்னதை நித்யா எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "நம்ம கையால ஒரு வாய் திங்காதவங்க வீட்டுல நமக்கு சம்பந்தம் வேண்டாம்லே. நாளைக்கு பேரப்பிள்ளைய என் மடியில விட யோசிப்பாங்க."

நான் மீன் பிடிக்கிறேன் என்று செல்வம் சொன்னதும்தான் அந்த அம்மாள் இளகினாராம். போனில் கூப்பிட்டார்.

"மதினி, நீங்க மீன் புடிப்பியளாம்லா?"

பார்க்கும் முன்பே மதினி! எனக்குப் புல்லரித்தது. "பிடிப்பேனே!" என்றேன். எதிர்காலத்தில் சொன்னதால் அது பொய்யாகாது.

"அப்ப அங்கன ஏரிக்கரையிலயே பாத்துக்கிடுவோம். நீங்க புடிங்க, நான் பொரிக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் வாழைக்கா. அதே மசாலா, ஆனா தனிச் சட்டி. புதுசு வாங்கிட்டேன்."

"பேஷா!"

போனை வைத்ததும் நித்யா தலையில் கைவைத்தாள். "க்யா யார், அம்மா! நீ இதுவரைக்கும் பிடிச்சது ஒரு தேங்காய்!"

சிவராத்திரி கழிந்த ஞாயிறு. இசக்கியம்மாள் குட்டி கேஸ் அடுப்பு, நல்லெண்ணெய், பூண்டும் மிளகாயும் மிளகும் அரைத்த மசாலாத் தூக்கு, கருகருவென்று ஓர் இரும்புச் சட்டி, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ஒரு புதுச் சட்டி எல்லாம் கொண்டு வந்திருந்தார். கரையில் ஜமக்காளம் விரித்தோம். ரமணி அதன் ஓரத்தில் ஆடிட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

நான் வீசினேன். வீசினேன். வீசிக்கொண்டே இருந்தேன். "எண்ணெய் காயட்டுமா மதினி?" என்று குரல் வந்தது. "காயட்டும்," என்றேன், கவிஞர்களுக்கே உரிய பொறுப்பின்மையோடு.

அப்போது நூல் இறுகியது.

உருளை கிர்ர்ரென்று பாடியது. கோல் வில்லாய் வளைந்தது. நீருக்கடியில் ஓர் உயிர் என் உள்ளங்கையோடு வாதாடியது; ஒரு குளிர்காலம் முழுக்க நான் எழுதிய மடலுக்கு ஏரி கடைசியில் பதில் போட்டுவிட்டது. பின்னால் ஆரவாரம். "ஜிலேபிக் கெண்டைலே! நல்ல அகலம்!" என்று சுடலைமுத்து கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. நான் முட்டியளவு நீரில் இறங்கினேன். கையை நனைத்தேன். ஏந்தினேன். சாம்பலும் பொன்னும் கலந்த உடம்பில் வெயில் ஓடியது. 'நீ என் கைக்குள் அடங்கிய ஆறு' என்று ஒரு வரி கிளம்பியது. கண்ணை மூடினேன். முகத்தைத் திருப்பினேன்.

விட்டேன்.

விட்டதோடு நிற்காமல் ஏரியைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

திரும்பினால் ஐந்து முகங்கள். எண்ணெய் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. இசக்கியம்மாளின் கையில் மசாலா அப்பியிருந்தது.

"மீன் எங்க?" என்றார்.

"விட்டுட்டேன்."

சுடலைமுத்து, இறந்துபோன பங்காளியைப் பார்ப்பது போலத் தண்ணீரைப் பார்த்தார். இசக்கியம்மாள் அடுப்பை அணைத்தார். தூக்கின் மூடியை அழுத்தி மூடினார்.

"எங்க சட்டியில விழுந்துரக் கூடாதுன்னு தோணிருச்சு. அப்படித்தானே மேடம்?"

மதினி மேடமாகிவிட்டாள். நித்யா என்னைப் பார்க்காமல் ஜமக்காளத்தின் நூலைப் பிடுங்கினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். நான்தான் கவிஞராயிற்றே, விளக்கம் சொன்னேன்.

"அப்படியில்லை! இது ஒரு தத்துவம். பிடிக்கறதே விடறதுக்காகத்தான்..."

"அப்ப எதுக்குப் புடிச்சீங்க? அது பாட்டுக்கு உள்ளதானே கிடந்துச்சு?"

உலகத்தின் ஃப்ளை ஃபிஷிங் ஆசாமிகள் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

"இருங்கோ, இன்னொண்ணு பிடிச்சுத் தரேன்!" என்று கோலைத் தூக்கினேன். செல்வம் "வேணாம் ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, விடுங்க," என்றான். நான் எடுத்துவிட்டேன். முன்னால் வீச வேண்டுமென்றால் முதலில் பின்னால் வீச வேண்டும், அது இதன் இலக்கணம். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் இலக்கணத்தில் உண்டு, வேறொரு வீடியோவில். பின்னால் வீசினேன், முன்னால் இழுத்தேன். நூல் இறுகியது. உருளை கிர்ர்ரென்று பாடியது.

"யாத்தே!"

அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய இசக்கியம்மாளின் கொண்டையில் என் மயிலிறகுப் பூச்சி. அவர் மிரண்டு நாலு எட்டு ஓடினார், நூலும் கூடவே ஓடியது. மீன் போனதிலிருந்து வாய் திறக்காத சுடலைமுத்து அப்போதுதான் திறந்தார்.

"இழுக்காதீங்க! இழுத்தா நிக்காது. கல்யாணம் ஆனதுல இருந்து பாக்கேன்."

கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடியவள் பாதியில் நின்று ஏரிக்குத் திரும்பி, இரு கைகளையும் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்தேன். சத்தியமாக அனிச்சையாகத்தான். சொட்டச் சொட்டக் கொண்டையில் கைவைத்ததும் அவர் துள்ளினார்.

"என்ன செய்யுதீங்க?"

"கையை நனைச்சுக்கணும்," என்றேன். "இல்லேன்னா மேல இருக்கற வழவழப்பு போயிடும்..."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, கொண்டையில் மயிலிறகோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ சவமே! எங்கிட்ட என்னட்டி வழவழப்பு கெடக்கு!" கண்ணைத் துடைத்தார். "கழத்தி எடுத்துட்டு என்னையும் தண்ணியில விட்டுராதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

நான் கொக்கியைக் கழற்றி முடிப்பதற்குள் செல்வம் சத்தமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தான். இசக்கியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாழைக்காய்த் துண்டுகளை மசாலாவில் புரட்டிவிட்டுப் புதுச் சட்டியின் ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனார். ஜமக்காளத்தின் ஓரத்திலிருந்து ரமணியின் குரல் வந்தது.

"அது வேண்டாம். புதுசுல அடி பிடிக்கும். அந்தக் கறுப்புச் சட்டியிலேயே போடுங்கோ."

இசக்கியம்மாள் கை நின்றது. "இது மீன் பொரிக்கற சட்டி," என்றார் மெதுவாக.

"தெரியறது. நன்னாப் பழகின சட்டி."

வாழ்நாளில் பூண்டு உரிக்கிற அறைக்குள்கூட நுழையாதவர் முதல் துண்டை வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா வேறேதுமா என்று நான் கேட்கவில்லை. நானும் ஒரு துண்டை எடுத்தேன். எனக்கும் வந்தது. என்னுடையது காரம்தான். "இன்னும் ரெண்டு போடுங்கோ," என்றார் ரமணி. ஒரு குளிர்காலம் முழுக்க நான் கொக்கியும் கோலுமாய்ச் செய்ய முடியாததை அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே, உப்புக்கூடக் கேட்காமல் செய்துவிட்டார்.

அந்த மீன் இன்னும் எங்கள் குடும்பத்துக்குள் நீந்திக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடி டம்ளரை நான் தொட்டால் மாப்பிள்ளை செல்வம், "கைய நனைச்சிக்கிட்டீங்களா ஆன்ட்டி?" என்கிறான். கன்னிகாதானத்தின்போது நித்யாவின் கையை எங்கள் கை ஏந்தி நிற்க, தண்ணீர் வார்த்ததும் மண்டபமே சிரித்தது. சாஸ்திரிகளுக்கு மட்டும் ஏனென்று தெரியவில்லை. இந்தக் கேலிக்கெல்லாம் தொடக்கம் அன்றைய சாயங்கால ரயில்.

லேடீஸ் பெட்டியில் பெண்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். இசக்கியம்மாள் அம்பர்நாத்திலிருந்தே நித்யாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், பேச்சுக்கு நடுவே, கவனமில்லாதவர் போல. தாராவிக்காரர்கள் சயானில் இறங்க வேண்டும், எங்களுக்கு அடுத்த நிலையம். வண்டி நின்றதும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினார். பிளாட்பாரத்தில் சுடலைமுத்துவும் செல்வமும் அந்தக் கறுப்புச் சட்டியோடு காத்திருந்தார்கள். போய்விட்டார் என்று நினைத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும்போது ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வந்தது. கொண்டையில் மயிலிறகின் இழை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நித்யாவைக் காட்டி, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மதினி, பயப்படாதீங்க! கைக்கு வந்தத விடுதது உங்க பழக்கம். எங்க வீட்டுல அது கிடையாது!"