மலையில் ஸ்னோ, மடத்துவெளியில் மானக்கேடு

மடத்துவெளி,
புங்குடுதீவு.
பங்குனி கடைசி வெள்ளி.

அன்புக்குரிய மருமகன் சுஜிதன் அறியவேண்டியது,

இங்கே நானும், உமது மாமி பரிமளமும், மகள் கம்சிகாவும், அவளுடைய வயிற்றுக்குள் இருந்தபடியே வீட்டை ஆட்சி செய்கிற உமது பிள்ளையும் அம்பாள் துணையால் சுகம். அந்த மலைக்குளிரில் உமது காது, மூக்கு, விரல்கள் யாவும் குறைவின்றி இருக்க வேண்டுமென்று நித்தமும் வேண்டிக்கொள்கிறோம். வாட்சப்பில் எழுதலாமென்றால் என் பெருவிரல் ஒரே தட்டில் மூன்று எழுத்தை அமத்துகிறது. ஃபோனில் சொல்லலாமென்றால் மாமி பக்கத்தில் நின்று திருத்தம் செய்வா. ஆகவே லீவு முடிந்து சுவிஸ் திரும்புகிற பக்கத்து வீட்டுச் சசிகரனிடம் கொடுத்துவிடலாமென்று கடதாசியில் எழுதுகிறேன். நிற்க.

தை மாதம் நீர் ஃபோனில் சொன்னது நினைவிருக்கும். "ஸ்னோ முடிஞ்சு, சறுக்கிற ஆக்களை மலைக்கு ஏத்திற ஸ்கீ லிஃப்ற் பூட்டினால்தான் ஹொட்டல் பூட்டும். ஹொட்டல் பூட்டினால்தான் எனக்கு லீவு, மாமா. கடைசி நேரத்திலை ஸ்னோ கொட்டிச்சுதெண்டால் இழுபடும்" என்றீர். அதாவது, என் முதல் பேரப்பிள்ளை பிறக்கிறபோது தகப்பன் பக்கத்தில் நிற்பதா, ஹொட்டல் குசினியில் உருளைக்கிழங்கு உரிப்பதா என்பது வானத்தின் கையில். அன்றைக்கே உமது மலையின் பெயரை ஃபோனில் தட்டி ஸ்னோ அறிவிப்பைப் பிடித்துவிட்டேன். மீன் விற்கிற யாக்கோப்புவின் பெட்டியில் கிடக்கிற ஐஸைத் தாண்டிக் குளிரை அறியாத நான், ஒரு மாதத்துக்குள் புது ஸ்னோ எது, பழைய ஸ்னோ எது, எந்த உயரத்தில் மழை ஸ்னோவாக மாறும் என்றெல்லாம் சந்தியில் நின்று விளக்கம் கொடுக்கிற நிலைக்கு வந்தேன். சேட்டு முதுகோடு ஒட்ட, நெற்றியால் வியர்வை ஒழுக, "இண்டைக்கு மைனஸ் எட்டு" என்று சொல்லுகிற மனுசனைப் பஸ்ஸுக்கு நின்ற சனம் எப்படிப் பார்த்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

பங்குனி தொடக்கத்தில் மலையில் வெயில். ஸ்னோ பூச்சியம் என்றே ஒவ்வொரு நாளும் காட்டியது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கம்சிகாவைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஸ்னோ முடிஞ்சுது. சித்திரை வருசத்துக்கு முதல் அவர் வந்து நிப்பார். நான் சொல்லுறன்" என்று ஏதோ அந்த மலையை நான்தான் திறந்து பூட்டுகிறவன் மாதிரிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமி அறைக்குப் பெயின்ற் அடிப்பித்தா. நான் விமான நிலையத்துக்குப் போய்வர வாடகை வான் பேசினேன். ஊருக்குள் என் மதிப்பு ஏறியது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில் அரிசி எப்போது வருமென்றே சரியாகச் சொல்லாதவன், கடல்கடந்த வானத்தைப் படிக்கிறான் அல்லவா!

அந்த மதிப்புத் தலைக்கேறிய கிறுதியில்தான் அயலிலுள்ள கதிர்காமு வந்து, "மனேச்சர் அண்ணை, பனங்கிழங்கு கிழிச்சு வைச்சிருக்கிறன். ஒடியலுக்குக் காயப்போடலாமோ? மழை வருமோ?" என்று கேட்டார். நான் ஃபோனை எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி, "ஒரு சொட்டும் இல்லை. தாராளமாப் போடும்" என்றேன். பாவம், அந்த மனுசன் முற்றம் நிறையப் பரப்பினார். மத்தியானம் கொட்டிய மழையில் பாய் மிதந்தது. பிறகு பார்த்தால், நான் அவருக்கு வாசித்துச் சொன்னது உமது மலையின் அறிவிப்பு. மூன்றாம் நாள் அவர் பூஞ்சணம் பிடித்த கிழங்கை ஒரு கடகத்தில் கொண்டுவந்து என் வாசல் படலையில் இறக்கி, "அண்ணை, உங்கடை மலையிலை கொண்டுபோய்க் காயப்போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு அடங்கியிருந்தாலும் பரவாயில்லை. மறுகிழமை அறிவிப்பு தலைகீழாக மாறியது. புயல், இடுப்பளவு புது ஸ்னோ, லிஃப்ற் தொடர்ந்து ஓடும் என்று வந்தது. உடனே உம்மை ஃபோனில் எடுத்துக் கேட்டேன். நீரோ எங்களைத் தேற்றுவதற்காக, "இஞ்சை ஸ்னோவே இல்லை மாமா, புல்லுத் தெரியுது. லீவு பாப்பம்" என்றீர். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று நினைத்துக் கண் கலங்கினேன். காலையில் கம்சிகா, "அப்பா, மலை எப்பிடி?" என்று கேட்பாள். "நல்ல வெயில் பிள்ளை" என்பேன். பிறகு கோயிலுக்கு ஓடுவேன். ஒருநாள் ஐயர், "என்ன நேர்த்தி?" என்று கேட்டார். "ஸ்னோ நிக்கோணும் ஐயா" என்றேன். அவர் வெளியே கொதிக்கிற மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருநீற்றை வழக்கத்தைவிடக் கூடப் பூசினார். பின்னேரம் மாமிக்கு ஆளனுப்பி, மனேச்சருக்கு ரெண்டு இளநீர் வெட்டிக் கொடுங்கோ, வெயில் கூடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்.

நேற்றுத்தான் எல்லாம் வெளிப்பட்டது. அந்த அறிவிப்போடு மலையைக் காட்டுகிற கமெராவும் இருக்கிறது. தொப்பி போட்ட ஒருவர் ஹொட்டல் வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டு நின்றார். உமது முதுகு மாதிரியே இருந்தது. என்னை மறந்து, "காணும் சுஜிதன்! அள்ளாதையும்! விட்டிட்டு வாரும்!" என்று கத்திவிட்டேன். குசினிக்குள் இருந்து மாமி ஓடிவந்தா. பின்னால் கம்சிகா. ஃபோனை வாங்கிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்தேன்.

அவள் அழவில்லை. "அப்பா, நீங்கள் வெயில் எண்டு சொல்லேக்கை உங்கடை சத்தம் நடுங்கும். எனக்கு எப்பவோ விளங்கீட்டுது. நீங்கள் கவலைப்படப்போறியள் எண்டு நம்பின மாதிரி இருந்தனான்" என்றாள். பிறகு, "அவர் வரயில்லையெண்டால் ஆஸ்பத்திரியிலை நீங்கள் பக்கத்திலை நிப்பியள்தானே?" என்று கேட்டாள். இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற நான், "ஓம் பிள்ளை" என்றேன்.

ஆகையால் தம்பி, முதலாளியோடு சண்டை பிடிக்க வேண்டாம். வேலையைக் குழப்ப வேண்டாம். ஸ்னோ கரைந்த பிறகு ஆறுதலாக வாரும். அதுவரை உமது இடத்தில் நான் நிற்பேன், விழுந்தால் மாமி தூக்குவா. பெயின்ற் அடித்த அறை அப்படியே இருக்கும். உமக்கு நீண்ட ஆயுளும், காலில் சப்பாத்துக்குள் சூடும், அம்பாளின் அருளும் கிடைக்க மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உமது மலைக்கு வெயில் வேண்டும் மாமன்,
அரியநாயகம்.

பி.கு.: மேலே எழுதியது முழுவதும் ரத்து. கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, படலையடியில் ஒரு வான் வந்து நின்றது, நீர் பெட்டியோடு இறங்கினீர். கம்சிகாவுக்குச் சொல்லாமல் வந்து நிற்க வேண்டுமென்று ஆசையாம். நான் ஃபோனை நீட்டி, "அப்ப இந்தப் புயல்?" என்றேன். நீர் பார்த்துவிட்டு, "மாமா, இது பக்கத்து நாடு ஒஸ்ரியாவிலை இருக்கிற மலை. பேர்தான் ஒண்டு. எங்கடை மலை ஸ்னோ இல்லாமல் போன ஞாயிறே பூட்டியாச்சு. புல்லுத் தெரியுது எண்டு சொன்னனானெல்லோ?" என்றீர். அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கம்சிகா, சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றை விடவில்லை. மாமி அவளுடைய முகத்தைப் பார்த்தா. இப்போது ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போக நீர் வந்த அதே வானில் எல்லோரும் ஏறியாயிற்று. "மாமா, எழுதினது காணும், கெதியா ஏறுங்கோ!" என்று நீர் யன்னலால் தலையை நீட்டிக் கத்துகிறீர். இதோ, ஏறுகிறேன்.